விரலை எடுத்த பிறகு

ஐந்தாவது வளைவுக்கு ஒரு முழம் முன்னாலேயே விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். கார் நிற்கவில்லை. வேகம் குறைந்ததாகக்கூடத் தெரியவில்லை. வளைவில் தடத்தின் பள்ளத்தை விட்டு எழும்பி, சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளில் மோதி, அதன் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு கீழே மல்லாந்து விழுந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தன.

"என்னடி, உன் வண்டிக்குக் காது கேக்காதா?" என்றாள் அத்தை. தன் காரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். அவளுடைய கார் அதே வளைவில் அடக்கமாக வேகம் குறைந்து, திரும்பி, மறுபடி பாய்ந்து போனது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு அந்த மாதிரி நேரங்களில் முகம் என்ன செய்கிறது என்று தெரிவதில்லை.

ஓர் அச்சகத்துக்கு மேலே இருக்கும் நீண்ட அறை அது. சனிக்கிழமை மதியங்களில் மட்டும் திறப்போம். அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு மரப்பலகையில் ஒரு பாதை வளைந்து கிடக்கும். ஆறு தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் காடி என்று நாங்கள் சொல்லும் ஒரு நீளப் பள்ளம், அதன் இரு பக்கமும் செம்புப் பட்டை. உள்ளங்கை நீளக் காரின் மூக்கிலிருக்கும் சிறு முளை அந்தக் காடிக்குள் இறங்கி ஓடும். பட்டைகளில் மின்சாரம் வரும். எவ்வளவு வர வேண்டும் என்பதை நம் கையிலிருக்கும் கன்ட்ரோலர் தீர்மானிக்கும். துப்பாக்கி மாதிரி பிடி, துப்பாக்கி மாதிரி விசை. அழுத்தினால் ஓட்டம். விட்டால் பிரேக்.

அந்த பிரேக்கில்தான் என் பிரச்சினை. மற்றவர்களின் கார்களில் இருப்பது பழைய வகை மோட்டார், கார்பன் பிரஷ் வைத்தது. விரலை எடுத்ததும் கன்ட்ரோலர் இரண்டு பட்டைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தாலேயே தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தப் பந்தயத்துக்காகப் புதிதாக மாட்டிய என் மோட்டாரில் பிரஷ் கிடையாது. அதோடு வாங்கிய கன்ட்ரோலரும் பட்டைகளைச் சேர்க்காது, மின்சாரத்தை நிறுத்த மட்டும் செய்யும். அதற்கும் பட்டைக்கும் நடுவே தபால் தலை அளவு ஒரு மின்பலகை இருக்கிறது. பட்டையில் மின்சாரம் இல்லை என்று அந்தப் பலகைக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அது மோட்டாரைப் பிடிக்கும்.

அதற்குத் தெரிகிறது. வீட்டில் தெரிகிறது. எங்கள் பின்னறையில் அப்பா போட்டிருக்கும் சின்னப் பாதையில் இருபது முறை ஓட்டினால் இருபது முறையும் சுண்ணாம்புக் கோட்டுக்கு நான்கு விரற்கடைக்குள் நிற்கும். குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தேதி, மின்னழுத்தம், டயரின் சூடு, நின்ற தூரம். இயற்பியல் படித்துவிட்டுக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கக் குப்பி குப்பியாக அளந்து எழுதுகிறவள் நான். எழுதாமல் எனக்கு எதுவும் நடந்ததாகவே இருக்காது.

வீட்டில் நிற்கிற கார் இங்கே நிற்கவில்லை. கார் அதேதான். கன்ட்ரோலரும் அதேதான். அப்படியானால் வீட்டுக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது.

நடுவில் இருப்பது ஒரு மேசை. பந்தயத்தன்று இரண்டு மணிக்கு எல்லோரும் தங்கள் கன்ட்ரோலரை அந்த மேசையில் வைத்துவிட வேண்டும். அப்பாதான் சோதனையாளர். ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து பார்த்து, மீட்டர் வைத்து அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் எண் போடுவார். பிறகு அத்தை மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்துவாள். மூன்று மணிக்குப் பந்தயம். அதுவரை யாரும் துண்டை விலக்கக் கூடாது. எல்லோரும் டீ குடிக்கக் கீழே இறங்குவோம். அப்பா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியாக வருவார். அத்தை வரமாட்டாள். அவளுக்கு டீ ஆகாது.

ஒரு மணி நேரம். ஒரு துண்டு. அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். சலவைக் கடை நடத்துகிறாள். பத்தொன்பது வருடமாக அந்த அறையில் கார் விடுகிறாள், அதில் ஒன்பது வருடம் அவள்தான் முதல். அவளுடைய வலது ஆள்காட்டி விரலைப் பற்றி, எங்களோடு கார் விடும் அச்சகக்காரர் ஒருமுறை, "அத மட்டும் தனியா இன்சூர் பண்ணுங்கம்மா" என்றார். "எதுக்கு? உங்களத் தோக்கடிக்க சுண்டு விரல் போதுமே" என்றாள் அத்தை.

எனக்கு அவளைப் பிடிக்கும். அதுதான் சந்தேகப்படுவதைக் கடினமாக்கியது. பிறகு அதுவே சுலபமாக்கியது. பிடித்தவர்களைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். எல்லாவற்றையும் எடுத்து வேறு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். தினமும் மாடியிலிருந்து இறங்கும்போது, "வண்டி எப்படிடி இருக்கு?" என்று கேட்பாள். முன்பு அது விசாரிப்பு. இப்போது, எதற்காகக் கேட்கிறாள்? புது டயர் ஒரு ஜோடி கொடுத்தாள். எதற்காகக் கொடுத்தாள்? இரண்டாவது பந்தயத்தில் என் கன்ட்ரோலரை முகர்ந்து பார்த்தேன். சலவைத் திரவத்தின் வாசனை. துண்டை வெளுப்பதே அவள்தான், துண்டிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் வாசனையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது.

அந்த இரண்டாவது பந்தயத்திலும் கார் பறந்தது. நேர்ப்பாதையில் மட்டும் என்னை யாராலும் நெருங்க முடியவில்லை. "பட்டதாரி கையில இருக்கறது கன்ட்ரோலரா, கரண்ட் ஆபீஸா?" என்றார் அச்சகக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார். "உள்ள வேற எதுவும் வைக்கலையே?"

"எதுக்குள்ள?"

"சும்மா கேட்டேன்." தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார்.

மூன்றாவது பந்தயத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். கன்ட்ரோலரின் மூடியை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும். அவற்றில் ஒன்றின் தலைமேல், தலையும் மூடியும் சேரும் இடத்தில், மிளகாய்ப் பழ நிற நகப்பூச்சால் கடுகளவு ஒரு புள்ளி வைத்தேன். காய்ந்ததும் மேலே பென்சில் கரியைத் தேய்த்து மங்கவைத்தேன். திருகாணியைத் திருப்பினால் புள்ளி உடையும். யாரிடமும் சொல்லவில்லை. புள்ளியை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இவ்வளவு நிதானமான வஞ்சகம் இருப்பது எனக்கே புதிதாக இருந்தது.

மூன்றாவது பந்தயத்திலும் கார் நிற்கவில்லை. ஓரமாகப் போய்க் கன்ட்ரோலரை வெளிச்சத்தில் திருப்பினேன். புள்ளி இரண்டாக உடைந்திருந்தது. ஒரு பாதி திருகாணியோடு சுற்றி மறுபக்கம் போயிருந்தது.

அந்த அறையில் ஆறு வருடமாக நான் சத்தமாக எதுவும் பேசியதில்லை. என் குரல் வெளியே வந்தபோது, வேறு யாரோ பேசுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அத்தை. என் கன்ட்ரோலர ஏன் தொறந்தீங்க?"

பாதையில் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காரும் நின்றது. உடைந்த புள்ளியைக் காட்டினேன். எப்போது வைத்தேன், எப்படி வைத்தேன் என்று சொன்னேன். டீ நேரத்தில் மேலே இருப்பது யார் என்றும் சொன்னேன். எல்லாம் வரிசையாக, ஆய்வறிக்கை மாதிரி வந்தது.

அத்தை முதலில் சிரிக்கப் போனாள். வாய் அதற்குத் தயாரானது எனக்குத் தெரிந்தது. பிறகு அது நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா வெள்ளைத் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"என்ன அண்ணா, உன் பொண்ணு கேக்கறா" என்றாள் அத்தை.

அப்பா துண்டின் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தார். அச்சகக்காரர்தான் சுவரருகே போய், என் கார் கிழித்த ஓரத்தை விரலால் நீவிப் பிடித்துக்கொண்டு படித்தார். உரியவர் முன்னிலையில் இல்லாதபோது அவருடைய கன்ட்ரோலரைத் திறப்பவர், அவர் யாராக இருந்தாலும், நிரந்தரமாக நீக்கப்படுவார். அந்த விதியை எழுதியது அப்பா. கையெழுத்தும் அவருடையது.

"நாலு வாரம் கழிச்சு அடுத்த பந்தயம். அன்னிக்கு எல்லாருமா உக்காந்து பேசி முடிவு பண்ணுவோம்" என்றார் அச்சகக்காரர். "அதுவரைக்கும்..." முடிக்கவில்லை.

அத்தை தன் காரைப் பெட்டியில் வைத்தாள். டயர்களைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தாள், எப்போதும் போல. படியில் இறங்கும் சத்தம் கடைசிப் படி வரை ஒரே சீராகக் கேட்டது.

அதன் பிறகு அவள் கீழே எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. கடையிலிருந்து நேராக மாடிக்குப் போனாள். அம்மாதான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்விட்டு வெறும் பாத்திரத்தோடு இறங்குவாள். "சனிக்கிழமை மதியம் என்ன பண்றதுன்னே தெரியலையாம். கடைப் பட்டன் டப்பாவக் கொட்டி நிறம் பிரிச்சிட்டிருக்கா" என்றாள் ஒருநாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நானும் சாப்பிட்டேன். சரியானதைச் செய்துவிட்டவர்களுக்கு பசி இவ்வளவு குறைவாக இருக்குமா என்று மட்டும் யோசித்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பின்னறையில் காரை ஓட்டிப் பார்த்தேன். கோட்டுக்கு முன்னால் விரலை எடுத்தேன். கார் கோட்டைத் தாண்டி, வளைவைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்தது.

வீட்டில். முதன்முறையாக.

முதலில் எனக்குத் தோன்றியதை எழுதத்தான் வேண்டும். அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள் என்று தோன்றியது. யாருமில்லாதபோது வந்து திறந்திருக்கிறாள். எழுந்து போய்ப் பின்னறை ஜன்னல் கொக்கியைக்கூடப் பார்த்தேன். பிறகுதான் பாதையின் மூலையைக் கவனித்தேன். அங்கே எப்போதும் எரியும் சின்ன பல்பு எரியவில்லை.

பழைய ஸ்கூட்டர் பல்பு. ஒருமுறை பாதைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த மறந்து ஒரு கம்பி கருகிவிட்டது. அதன் பிறகு, ஓடுகிறதா இல்லையா என்று பார்த்ததும் தெரியட்டும் என்று அப்பா அதை இரண்டு பட்டைகளுக்கும் நடுவே மாட்டிவைத்தார். விசையை அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். நான் பிறந்ததிலிருந்து அது அங்கே இருக்கிறது. இன்று அதன் இழை அறுந்திருந்தது.

வேறொரு பல்பை எடுத்து மாட்டினேன். கார் கோட்டிலேயே நின்றது. கழற்றினேன். சுவரில் இடித்தது. மாட்டினேன். நின்றது. பத்து முறை. பிறகு மீட்டரை எடுத்தேன். பல்பு இல்லாதபோது, விரலை முழுதாக எடுத்த பிறகும் பட்டைகளில் ஒன்றே முக்கால் வோல்ட் இருந்தது. என் கன்ட்ரோலரின் மின்னணுச் சுற்று முழுசாக மூடுவதில்லை, கொஞ்சம் கசிகிறது. பழைய மோட்டார் தன் கம்பிச் சுருளால் அந்தக் கசிவை விழுங்கிவிடும். என் காரின் பலகை விழுங்காது. அந்த ஒன்றே முக்காலைப் பார்த்து, இன்னும் ஓடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். வீட்டில் அந்தக் கசிவைக் குடித்துத் தீர்த்தது பல்பு. அந்த அறையில் பல்பு கிடையாது.

குறிப்பேட்டைப் புரட்டினேன். நாற்பத்தொரு பக்கங்கள். டயரின் சூடு இருந்தது. அறையின் ஈரப்பதம்கூட இருந்தது. பல்பு எங்கேயும் இல்லை.

மாடிப்படி ஏறும்போது என்ன சொல்வது என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அத்தை தரையில் உட்கார்ந்து பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளையிலேயே நாலு வகை வெள்ளை வைத்திருந்தாள்.

பல்பைப் பற்றிச் சொன்னேன். ஒன்றே முக்கால் வோல்ட்டைப் பற்றிச் சொன்னேன். "என் வண்டிய யாரும் ஒண்ணும் பண்ணல, அத்தை. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

"ஒரு பல்பா?" என்றாள். கையிலிருந்த பட்டனைக் கீழே வைத்தாள். "பத்தொம்பது வருஷம். ஒரு ஸ்கூட்டர் பல்பு." சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை.

"ஆனா அந்தப் புள்ளி உடைஞ்சிருந்துச்சு, அத்தை."

"உடைஞ்சிருந்துச்சு. நான்தான் பாத்தேனே, எல்லாருக்கும் காட்டினியே."

"நீங்க தொறந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

அத்தை ஒரு பட்டனை எடுத்து எந்தக் குவியல் என்று யோசித்தாள். "நான் இல்லன்னு சொல்லியிருந்தா அடுத்த கேள்வி என்ன கேட்டிருப்ப?"

"அப்ப யாருன்னு."

"அதான்" என்றாள். பட்டனைப் போட்டாள். "கீழ போ, பட்டதாரி. எனக்கு வேலை இருக்கு."

கீழே வந்து எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அச்சகக்காரரிடம் அறைச் சாவி இருக்கிறது. ஆனால் அன்று அவர் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். ஒவ்வொருவர் டம்ளரையும் நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒரு டம்ளர் மட்டும் வெகுநேரம் மூடி போட்டு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு நிலைக்கு மேல் எண்ண நான் விரும்பவில்லை.

மறுநாள் மாலை அப்பாவின் கடைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடை. கன்ட்ரோலரில் ஒரு பல்பைப் பொருத்த வேண்டும், திருகாணிக்குச் சரியான திருப்புளி வேண்டும் என்றேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் போயிருந்தேன். அப்பாவின் இழுப்பறையில் திருப்புளிகள் ஊசி ஊசியாக, அளவு வாரியாக, ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் படுத்திருக்கும். எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்கானவை. கடைசியில் ஒன்று மட்டும் பெரியது. எந்தக் கண்ணாடிக்கும் பொருந்தாத அளவு. அதன் நுனியில், உலோகம் பட்டையாகும் இடத்தில், மிளகாய்ப் பழ நிறத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"இது எதுக்குப்பா?"

அப்பா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுவர்க் கடிகாரத்துக்கு. பாட்டரி மாத்த." பிறகு, "அத எடுக்காத. வேற தர்றேன்" என்றார்.

"சரிப்பா."

"அத்தையப் பாத்தியாமே. என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போது ஒரு பெண்மணி உடைந்த சட்டத்தோடு உள்ளே வந்தார். அப்பா எழுந்து போனார். நான் இழுப்பறையை மூடினேன். மூடுவதற்கு முன்னால் ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவர் ஏன் திறந்தார் என்று எனக்குப் புரிந்தது. அச்சகக்காரரின் அந்தப் பார்வைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோர் முன்னாலும் சொந்த மகளின் கன்ட்ரோலரைத் திறக்கச் சொல்ல அவரால் முடியவில்லை. திறக்காமல் இருக்கவும் முடியவில்லை. நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்திருக்கிறார். ஏமாற்றவில்லை என்று பார்த்ததும் நிம்மதியாகத்தான் மூடியிருப்பார். நான் புள்ளி வைத்தேன், அவர் திருப்புளி வைத்தார். இரண்டு பேரும் யாருக்கும் தெரியாமல் செய்தோம். இதில் எனக்குப் புரியாமல் போனது அந்தத் துண்டுதான். அத்தை மேல் பழி விழுந்துகொண்டிருந்தபோது அவர் அதைத் திரும்பத் திரும்ப மடித்தது.

நான்காவது சனிக்கிழமை அத்தையும் வந்திருந்தாள். முடிவைக் கேட்பதற்காக. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பாதையிலிருந்து தள்ளி, கதவோரம் உட்கார்ந்தாள். பெட்டி கொண்டுவரவில்லை. மேசையில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் என் கன்ட்ரோலர். இப்போது அதன் பிடிக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு பல்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"மொதல்ல நான் பேசணும்" என்றேன். குரல் இம்முறை என்னுடையதாகவே இருந்தது, அதனால் சின்னதாக இருந்தது. கசிவைப் பற்றிச் சொன்னேன். பல்பைப் பற்றி, நாற்பத்தொரு பக்கங்களைப் பற்றிச் சொன்னேன். யாரும் என் காரைக் கெடுக்கவில்லை, அத்தை மேல் பழி போட்டது நான் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அது சரிம்மா" என்றார் அச்சகக்காரர். "கார் நிக்காதது பல்பால. அந்தப் புள்ளி? அத பல்பா வந்து உடைச்சுது?"

யாரோ சிரித்து, நிறுத்தினார்கள். அத்தை கைப்பையின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லமாட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் தன் இடம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தும் சொல்லமாட்டாள்.

நான் பைக்குள் கைவிட்டுத் திருப்புளியை எடுத்து, வெள்ளைத் துண்டின்மேல், கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைத்தேன். நுனி அப்பா பக்கம் இருந்தது. வெள்ளையில் அந்தச் சிவப்பு எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது.

"கன்ட்ரோலர்ல புதுசா பல்பு வச்சிருக்கேன்" என்றேன். "சோதனை பண்ணணும்ல. என் முன்னாலயே தொறந்து பாருங்கப்பா."

அப்பாவின் கை மேசை வரை வந்தது. துண்டின் விளிம்பைத் தொட்டு நின்றது.

"மொதல்ல நிக்குதான்னு பாப்போம், அப்புறம் தொறக்கலாம்" என்று அச்சகக்காரர் கன்ட்ரோலரை எடுத்து என் கையில் கொடுத்தார். எல்லோரும் பாதைப் பக்கம் திரும்பினார்கள்.

கம்பிகளை மாட்டி விசையை அழுத்தினேன். பல்பு எரிந்தது. கார் நேர்ப்பாதையில் பாய்ந்தது. ஐந்தாவது வளைவுக்கு ஒரு முழம் முன்னால் விரலை எடுத்தேன். கார் மூக்கைத் தரையில் அழுத்திக்கொண்டு, வளைவின் வாயில், கிழிந்த தாளுக்கு நேர் கீழே நின்றது. "அட!" என்றார் யாரோ. எல்லோரும் காரைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். அத்தையும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்பா குனிந்து நின்றிருந்தார், திருப்புளியைத் தொடாமல், துண்டை மடிக்காமல். என் கையில் பல்பின் இழை மட்டும் இன்னும் மெல்லிய சிவப்பாக இருந்தது.